ஆஸியா பீவி காணாக்கடியைத் தேடிய கதை

ஆஸியா பீவிக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீடோ, பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீடோ, யார் எதைத் தட்டில் வைத்து நீட்டினாலும் அவள் கை உடனே போகாது. முதலில் தட்டைப் பார்ப்பாள். பிறகு நீட்டியவர் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில், "இதுல என்னென்ன போட்டிருக்கு?" என்பாள். வட்டிலப்பத்துக்கும் கேட்பாள், வெறும் தேங்காய்ச் சோற்றுக்கும் கேட்பாள். ஒரு வீட்டில் வெந்நீருக்கும் கேட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். அந்த வெந்நீரில் சீரகம் மிதந்தது.

இந்தப் பழக்கத்தால் அவளுக்குச் சுங்கச்சாவடி என்று ஒரு பட்டப்பெயர் விழுந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் காரைக்காலின் எல்லா எல்லையிலும் மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னார்களே, அந்தச் சாவடிகளை ஐம்பத்து நாலாம் வருஷத்தோடு எடுத்துவிட்டாலும் ஒன்று மட்டும் ஆஸியா பீவியின் வாயில் மிச்சமிருக்கிறது என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல், நாலு மாதம் முழு முட்டாளாக இருந்தவள் அவள். அதை அவளே ஒளிக்காமல் சொல்லுவாள்.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். அவளுடைய வீட்டுக்காரர் நெய்னா முகம்மது ஆடி மாதம் சைகோனிலிருந்து வந்து இறங்கினார். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் வேலை. கல்யாணமான நாலாம் மாதம் கப்பலேறிப் போனவர், மகள் அமீர் நிஷா பிறந்ததைக் கடிதத்தில் படித்தார். இப்போது வந்து பார்க்கும்போது அவளுக்கு இரண்டரை வயது. மகளை முதன்முதலாகத் தூக்கப் போனார். அவள் வீறிட்டுக் கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, உம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

அவர் மறுபடி போவதா, ஊரோடு இருந்துவிடுவதா என்று இரண்டு மனதோடுதான் வந்திருந்தார். சைகோனிலிருந்தும் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். கடைத்தெருவில் ஒரு சின்ன இடம் வாடகைக்கு வருகிறது, துணிக்கடை போடலாம் என்று அவர் தன் தாயார் அஜீசுன்னிசாவிடம் பேசியதை ஆஸியா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் இருந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூன்றரை வருஷத்துக் கல்யாணத்தில் இருவரும் சேர்ந்திருந்தது மொத்தம் நாலு மாதம். அதில் பேசியது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். அவர் கேட்கிற ரகம் இல்லை, அவள் சொல்கிற ரகம் இல்லை.

மகள் மட்டும் மெல்ல மெல்ல இணங்கி வந்தாள். அதற்குக் காரணம் அவர் கொண்டுவந்த மூன்று தகர டப்பாக்கள். உள்ளே முழுக்கச் சைகோன் அப்பளம். வெள்ளை, ரோஸ், பச்சை என்று காசு அகலத்தில் கண்ணாடி மாதிரி வில்லைகள். எண்ணெயில் போட்டதும் சுருண்டு, நெளிந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிடும். நாக்கில் வைத்தால் சுரீரென்று ஒட்டிக்கொண்டு கரையும். நிஷா அதற்குப் பூ என்று பெயர் வைத்தாள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அவர் வந்து கூடத்து நாற்காலியில் உட்காருவார். ஆஸியா தேநீரும் பொரித்த அப்பளமும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். நிஷா தத்தித் தத்தி வந்து வாப்பா மடியில் ஏறுவாள். அவர் ஒரு வாய், அவள் ஒரு வாய். கதவிடுக்கில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் ஆஸியாவுக்கு அந்த நாட்களில் பண்டிகை.

ஒரு சாயங்காலம் மடியில் இருந்த குழந்தை தொடையைச் சொறிந்தது. பிறகு வயிற்றை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் தடித்தடியாய் எழும்பியிருந்தது. ஓரம் சிவந்து, நடு வெளுத்து, ஒரு இடத்தில் அமுங்கி இன்னொரு இடத்தில் முளைத்தது. மக்ரிப் பாங்கு சொல்லும்போது வந்த சுவடே தெரியாமல் மறைந்தும் போனது.

"காணாக்கடி" என்றார் மாமி அஜீசுன்னிசா.

கடித்தது எது என்று யார் கண்ணிலும் படாததால் அதற்கு அந்தப் பெயர். மாமியிடம் அதற்கு வைத்தியம் இருந்தது. கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்து பிள்ளையின் முதுகில் தேய்த்தார். குப்பைமேனி இலையும் உப்பும் அரைத்துப் பூசினார். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து குடிக்க வைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. பிறகு வாரத்துக்கு மூன்று தடவை, நாலு தடவை.

இங்கேதான் ஆஸியா பீவி களத்தில் இறங்கினாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டுக்குள் வந்தவள் அவள். ஆனால் கதவிடுக்கு, சன்னல் கம்பி, மாடிச் சுவரின் ஓட்டை இவற்றின் வழியாகவே ஊரைப் படித்துவிட்டதாக அவளுக்கு ஒரு எண்ணம். தெருவில் செருப்புச் சத்தத்தை வைத்தே யார் போகிறார்கள் என்று சொல்லுவாள். நம் கண்ணுக்குத் தப்பி ஒரு பூச்சி நம் பிள்ளையைக் கடித்துவிட முடியுமா என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடித்ததைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று தனக்குள் சபதம் போட்டாள். வெளியே சொல்லவில்லை. நல்லவேளை.

முதலில் மூட்டைப்பூச்சி. இருந்த பாய், தலையணை எல்லாவற்றையும் மாடியில் உதறிக் காயவைத்து, கட்டிலின் ஒவ்வொரு இடுக்கிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். மூட்டைப்பூச்சி ஒன்றுகூட வெளியே வரவில்லை. கட்டில் காய மூன்று நாள் பிடித்தது. நெய்னா முகம்மது மூன்று நாளும் தரையில் படுத்தார், ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்து அவருடைய அத்தர். தடிப்பு வருவது அவர் மடியில்தான் என்பதைக் கவனித்து, அத்தர்ச் சீசாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அவர் மூன்று நாள் பெட்டி பெட்டியாகத் தேடினார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. அத்தர் போனது, தடிப்பு போகவில்லை. அரிசிக்கு மட்டும் ஒரு மாதம் மல்லிகை மணம் இருந்தது.

பிறகு முருங்கை மரம். அது பக்கத்து வீட்டுத் தையல்நாயகியின் மரம். சைவச் சாப்பாட்டுக் குடும்பம். கீரையும் காயுமாக அந்த மரம்தான் பாதி நாள் அவர்களுக்குச் சோறு போட்டது. மழை தொடங்கியதும் அடிமரமெல்லாம் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டது. அதன் ரோமம் காற்றில் வந்து பட்டாலே தடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கிளை இவர்கள் முற்றத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. ஆஸியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, துப்புக் கிடைத்துவிட்டதென்று. வாயில்லாதவள் மதில் ஓரம் போய் நின்று, பிள்ளையின் முதுகையும் மரத்தையும் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்நாயகி நல்ல மனசுக்காரி. பிள்ளையைவிட மரமா பெரிது என்று மறுநாளே ஆளை வைத்து மரத்தை அடியோடு சாய்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் நிஷாவுக்கு வழக்கத்தைவிடப் பெரிதாகத் தடித்தது.

நன்றிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஆஸியா ஒரு காகிதப் பொட்டலத்தில் ஐம்பது சைகோன் அப்பளத்தைக் கட்டி மதிலுக்கு மேலாகக் கொடுத்தாள். மரத்துக்கு அப்பளம் ஈடாகாதுதான். ஆனாலும் கப்பலில் வந்த சாமான் அல்லவா.

புரட்டாசியில் நெய்னா முகம்மது நெடுங்காட்டுக்குப் போனார். அங்கே மாமிக்குச் சேர்ந்த கொஞ்சம் நிலத்தில் சம்பா நடவு. நடவு முடியும்வரை பத்து நாள் அங்கேயே தங்கினார். அவர் இல்லாத வீட்டில் சாயங்காலத் தேநீரும் இல்லை, அப்பளம் பொரிக்கிற வேலையும் இல்லை. பத்து நாளும் நிஷாவின் உடம்பில் ஒரு கடுகளவு தடிப்பு இல்லை. பதினோராம் நாள் அவர் வந்தார், மகளைத் தூக்கி மடியில் வைத்தார், அப்பளம் வந்தது, தடித்தது.

மாமிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சொல்றேன்னு வருத்தப்படாத நெய்னா. ஒன் கை அதுக்கு ஆவல. நீ தொட்டா தடிக்குது, தொடாட்டி இல்ல. கொஞ்ச நாளைக்குத் தூக்காம இரு."

ஆஸியாவும் கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பத்து நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு மாமி சொன்ன மாதிரியேதான் வந்தது. அத்தரைச் சந்தேகப்பட்டவள், மரத்தைச் சந்தேகப்பட்டவள், அந்தக் கணக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. மறுநாள் நிஷா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தபோது நெய்னா முகம்மது எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தேநீரையும் கடைத்தெருவில் குடித்துக்கொண்டார்.

பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? காலி நாற்காலியைக் காட்டி அழுதது. பூ வேண்டும் என்று அழுதது. ஆஸியாவுக்குப் பொறுக்கவில்லை. வாப்பாதான் இல்லை, பூவாவது இருக்கட்டும் என்று அடுப்படியிலேயே இரண்டு அப்பளம் பொரித்துக் கையில் கொடுத்தாள். அன்றும் தடித்தது. தொடாமலே தடிக்கிறதே என்று ஆஸியா மெல்லக் கேட்டதற்கு, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் அல்லவா, அந்தக் காற்றுப் போதும் என்றார் மாமி.

அப்போதுதான் ஆஸியா முதன்முதலாக மாமியைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தையல்நாயகியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே சண்முகசுந்தரம் என்று ஒரு டாக்டர். அவர் ஆஸியாவிடம் கேட்பார். ஆஸியா தையல்நாயகியின் காதில் சொல்லுவாள். தையல்நாயகி டாக்டரிடம் சத்தமாகச் சொல்லுவாள். மூன்று பேரும் ஒரே மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெளிய எதுவும் கடிக்கலம்மா. பெரும்பாலும் உள்ள போனதுதான் இப்படி வெளிய காட்டும்" என்றார் டாக்டர். "சளி, காய்ச்சல் வந்தாலும் சில புள்ளைக்கு வரும். சிலதுக்குக் கடைசி வரைக்கும் காரணமே தெரியாது, தானா வரும், தானா போயிடும். மீனு, நண்டு, எறா, முட்ட எதுவும் கொஞ்ச நாளைக்கு வேணாம். வாயில போறது ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க. ஒதடு, கண்ணு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே தூக்கிட்டு வந்துடணும்."

ரோஸ் நிறத்தில் பூசுகிற மருந்து ஒன்றும் கொடுத்தார்.

எறா என்ற சொல்லைக் கேட்டு ஆஸியா மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டாள். அவர்கள் வீட்டில் எறாவும் நண்டும் கரப்பான் பண்டம். தின்றால் தோலில் கிளப்பிவிடும் என்று ஐந்து வயது வரை பிள்ளைகளுக்குக் கண்ணிலும் காட்டுவதில்லை. நம் பிள்ளை எறாவை நக்கிக்கூடப் பார்த்ததில்லை, டாக்டருக்கு அது தெரியாது பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து நிஷாவுக்கு மீனும் முட்டையும் நின்றன. கஞ்சி மட்டும். ஆஸியா புதுச் சட்டி வாங்கினாள், புது எண்ணெய் வாங்கினாள், மீன் பொரித்த வாடைகூடப் பிள்ளை பக்கம் வரக்கூடாதென்று. தினமும் கிழிக்கிற தேதித் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதினாள். காலை கஞ்சி. மதியம் கஞ்சி. சாயங்காலம் கஞ்சி. நாலாம் வகுப்போடு மறந்துபோன கையெழுத்து நாலு நாளில் திரும்பி வந்தது. வெறும் கஞ்சியைப் பிள்ளை குடிக்காது, அதனால் கூட ஒரு சைகோன் அப்பளம். அதை எழுதவில்லை. அப்பளத்தை யாராவது சாப்பாடு என்று எழுதுவார்களா? தண்ணீரை எழுதினாளா, உப்பை எழுதினாளா?

புதுச் சட்டியில், புது எண்ணெயில் அப்பளம் பொரிக்கும்போதும் லேசாகக் கடல் வாடை வந்தது. அவள் தன் மூக்கைத்தான் குறை சொல்லிக்கொண்டாள். காரைக்காலில் பிறந்த மூக்குக்கு எதைக் கொடுத்தாலும் கடல் வாடைதான் வரும் என்று சட்டியை இன்னொரு தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

எட்டு நாள் கழித்து டாக்டர் தேதித் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"எட்டு நாளும் கஞ்சி. அதுல நாலு நாள் தடிப்பு. அரிசியே ஆகலன்னா நான் என்னம்மா செய்யறது?"

தையல்நாயகி ஆஸியாவைப் பார்த்தாள். ஆஸியா தரையைப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளை கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. பாவம், கஞ்சி குடித்தே மெலிந்துவிட்டது என்று ஆஸியா அன்று நாலு அப்பளம் கொடுத்தாள். சற்று நேரத்தில் நிஷாவின் மேலுதடு வீங்கியது. கண்ணிமை மூடிக்கொண்டது. டாக்டர் சொன்னது காதில் ஒலிக்க, ஆஸியா துப்பட்டியைக்கூட எடுக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். எதிரே நெய்னா முகம்மது. தொடக்கூடாது என்று ஒரு கணம் நின்றார். பிறகு பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓட்டமும் நடையுமாகப் போனார். ஆஸியா பின்னாலேயே ஓடினாள். ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் கண் திறந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை ஆஸியாவின் கையில் கொடுத்துவிட்டு அவர் தாயார் பக்கம் திரும்பினார். புதுச்சேரித் துறைக்குக் கார்த்திகை மாதம் ஒரு கப்பல் வருகிறது, அதில் போவதாக எழுதிவிடப் போகிறேன் என்றார். கடைத்தெரு இடத்தை மாமி நினைவுபடுத்தினார்.

"வேற யாராவது எடுத்துக்கட்டும். புள்ளைக்கு ஆவாத ஆளு இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?"

ஆஸியா கதவுக்குப் பின்னால் இருந்தாள். வழக்கமான இடம். எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும், ஒன்றும் நடக்காது. கப்பலுக்கு இருபது நாள் இருந்தது. இந்தத் தடவை போனால் பிள்ளைக்குப் பிடிக்காத வாப்பாவாகப் போவார், திரும்பி வர மனசும் இருக்காது. காணாக்கடியைப் பிடித்துத் தருகிறேன் என்று சபதம் போட்டவள் நாலு மாதத்தில் பிடித்தது ஒரு அத்தர்ச் சீசாவும் ஒரு முருங்கை மரமும்தான்.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழை மூன்றாம் நாள் வெறித்தது. டப்பாவில் அப்பளம் நமுத்துக் கிடந்தது. ஆஸியா அதை முறத்தில் கொட்டி மாடியில் வெயிலுக்கு வைத்தாள். மாடி மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்நாயகியும் தன் மாடியில் உளுந்து அப்பளங்களை வேட்டியில் பரப்பிவிட்டுப் போயிருந்தாள். காக்கைக்குக் காவலாக ஆஸியா மாடிப்படிக் கதவிடுக்கில் நின்றாள்.

காக்கை வரவில்லை. தெருவில் திரிகிற சாம்பல் பூனை ஒன்று மதில் மேல் வந்தது. தையல்நாயகியின் வேட்டியில் இறங்கி, உளுந்து அப்பளங்களுக்கு நடுவில் ஒன்றையும் மிதிக்காமல், பெரிய மனுஷி மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. இந்தப் பக்கம் குதித்து முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தது. சைகோன் அப்பளத்தைப் பச்சையாகவே கடகடவென்று மெல்ல ஆரம்பித்தது.

ஆஸியா அதை விரட்டினாள். போனது, திரும்பி வந்தது. மறுபடி விரட்டினாள், மறுபடி வந்தது. இந்தப் பூனையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பால் சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். மீன் முள் இல்லாமல் வாயைத் திறக்காது. தையல்நாயகியின் அப்பளத்தில் ஒன்றை மதிலுக்கு மேலாக எட்டி எடுத்து அதன் முன்னால் வைத்துப் பார்த்தாள். பூனை அவளை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை. பிறகு முறத்தில் வாய் வைத்தது.

ஆஸியா ஒரு ரோஸ் வில்லையை எடுத்து நாக்கில் ஊறவைத்தாள். உப்பு. அதற்கு அடியில் இன்னொன்று, சட்டியில் அடித்த அதே கடல் வாடை. முறத்தைப் பூனைக்கே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

கீழே நெய்னா முகம்மது தகரப் பெட்டியைத் திறந்துவைத்துக் கப்பலுக்கு வேண்டிய காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாமி எதிரே வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தார். ஆஸியா கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் கூடத்தில் அப்படி வந்து நின்றதே இல்லை என்பதால் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஏங்க, இந்த அப்பளம் எதுல செஞ்சது?"

"எறாவுல" என்றார் அவர்.

அவரே மேலே சொன்னார்.

"பச்ச எறாவ அரைச்சு மாவோட பெசஞ்சு, வேகவச்சு, சீவிக் காயவைப்பாங்க. ஏன், தின்னா தெரியலயா? கடலோரத்துல பொறந்தவதானே நீ."

"புள்ளைக்கு எறா ஆவாதுன்னு டாக்டரு சொன்னாரு."

"எங்கிட்ட யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. முன்பு தையல்நாயகியோடு ஆஸ்பத்திரிக்குப் போனதையே அவரிடம் சொல்லவில்லை. பத்தியத்தைச் சொல்லவில்லை. இது என்ன என்று டப்பாவைத் திறந்த நாளில் கேட்கவில்லை. அவரும் இது எறா அப்பளம் என்று தானாகச் சொல்லவில்லை. அதைத் தின்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு சொல். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்குப் பதிலாக அவள் கட்டிலைக் கொதிநீரில் நனைத்தாள், அத்தரை ஒளித்தாள், அடுத்த வீட்டு மரத்தை வெட்டவைத்தாள். பத்தியக் கஞ்சிக்குத் துணையாகத் தினமும் எறாவைத் தன் கையாலேயே பிள்ளைக்கு ஊட்டினாள்.

"நாந்தான் கொடுத்தேன்" என்றாள். "நெடுங்காட்டுக்கு நீங்க போயிருந்தப்ப பொரிக்கல. அதான் வரல. வந்தப்புறம் பொரிச்சேன். நீங்க தூக்காதப்பயும் நாந்தான் கொடுத்தேன்."

அவர் கையிலிருந்த காகிதத்தை மெல்லப் பெட்டிக்குள் வைத்தார்.

"அப்ப நானில்ல" என்றார்.

மாமிக்கு அவ்வளவு சுலபமாக மனசு ஒப்பவில்லை. கையும் ஆகவில்லை, அப்பளமும் ஆகவில்லை என்று ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டார். ஆஸியா தன் ஆயுளில் அதுவரை பேசியதில் நீளமான பேச்சு அதற்குப் பதிலாக வந்ததுதான். மாமியைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தகரப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"கப்பலுக்கு இன்னம் பதினேழு நாள் இருக்கு. அதுவரைக்கும் இந்த அப்பளம் இந்த வூட்டுல கெடையாது. நீங்க தெனம் புள்ளையத் தூக்குங்க, மடியில வச்சிருங்க. ஒரு தடிப்பு வந்துச்சுன்னா நீங்க கப்பலுக்குப் போங்க. வரலன்னா போவாதீங்க."

சொல்லி முடித்ததும் கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். கடைசி வார்த்தையைச் சொன்னது தான்தானா என்று ரொம்ப நேரம் அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அங்கே போய் நின்ற பிறகுதான் தையல்நாயகியின் பொட்டலம் நினைவுக்கு வந்தது. ஐம்பது அப்பளம், முட்டைகூடத் தொடாத வீட்டில். உடனே மதிலுக்கு ஓடினாள். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதைவிட அவமானம் இல்லை என்று வளர்க்கப்பட்டவள், அதைக் கேட்டாள். முதலில் பிள்ளை கேட்கிறது என்று பொய் சொல்லிப் பார்த்தாள். அது ஒத்துவரவில்லை.

"மரத்த வெட்டவச்ச. இப்ப அப்பளத்தயும் வாங்கிட்டுப் போற. எங்க வூட்டுல வேற என்ன இருக்கு பாரு, ஆஸியா" என்றாள் தையல்நாயகி. பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. கார்த்திகைக்குப் பொரிக்கலாம் என்று எடுத்துவைத்திருந்தாளாம்.

ஆஸியா உண்மையைச் சொன்னாள். தையல்நாயகி மதிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் முகம் வெளுத்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் ஆஸியா நினைத்தாள்.

"விளக்கேத்தி சாமிக்கு முன்னாடி வச்சிருப்பேனேடி" என்று சிரிப்புக்கு நடுவில் சொன்னாள். பொட்டலத்தை விரல் நுனியால் தூக்கி இந்தப் பக்கம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

மூன்று டப்பாவில் மிச்சமிருந்தது எல்லாம் சாம்பல் பூனைக்கே போனது. நெய்னா முகம்மது தினமும் அஸருக்குப் பிறகு மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமி எதிரே உட்கார்ந்து பிள்ளையின் கை காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸியா கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாம் நாள் நிஷாவின் முழங்கையில் ஒரு தடிப்பு எழும்பியது. மாமி விளக்கை எடுத்துவரச் சொன்னார். ஆஸியா விளக்கோடு ஓடிவந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் கொசு அங்கேயே உட்கார்ந்திருந்தது. நெய்னா முகம்மது அதை அடித்து உள்ளங்கையைத் தன் தாயாரிடம் விரித்துக் காட்டினார். பதினேழு நாளில் வேறு ஒன்றும் வரவில்லை.

அந்தக் கப்பல் அவர் இல்லாமல் போனது. எறா கரப்பான் பண்டம் என்று நான் அன்றைக்கே சொன்னேனே என்று மாமி எல்லோரிடமும் சொன்னார். ஆஸியா மறுக்கவில்லை.

நெய்னா முகம்மதின் துணிக்கடை கடைத்தெருவில் நடக்கிறது. சைகோனுக்கு அவர் திரும்பப் போகவில்லை. அமீர் நிஷாவைத் திட்டச்சேரியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் எறா தின்பதில்லை. அவளுடைய இரண்டாவது பையனுக்கு அவ்வப்போது தடிக்கிறது. அது எதனால் என்று இதுவரை தெரியவில்லை.